பாதிப் பங்கு: நான்டக்கெட் தீவில் ஐந்து நாட்கள்

முதல் நாள், சனி

ஃபெர்ரியில் காருக்கு இடம் கிடைக்கவில்லை. மே மாதத்தின் நடுவிலேயே இந்த நிலைமை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேப் காட் கரையில் இருக்கும் ஹயானிஸ் துறைமுகத்தில் காரை நிறுத்திவிட்டு, ஒரு தோள்பையோடும் சித்தி மதுரையிலிருந்து கொடுத்தனுப்பிய பொடி டப்பாக்கள் நிறைந்த ஒரு பெட்டியோடும் ஆள் மட்டும் ஏறிக்கொண்டேன்.

நான் ஏறியது மெதுவாகப் போகும் கப்பல். நான்டக்கெட் போய்ச் சேர இரண்டேகால் மணி நேரம் ஆகும். ஒரு மணி நேரத்தில் கொண்டுபோய் விடும் வேகப் படகும் இருக்கிறது. ஆனால் தீவுக்கு வேண்டிய கனமான சாமான்கள் போவது இதன் அடித்தளத்தில்தான். ஏறும்போது எட்டிப் பார்த்தேன். ஜிப்சம் பலகை ஏற்றிய லாரி, நாலைந்து பிளம்பர் வேன்கள், புல்தரையைப் பாய் மாதிரி சுருட்டி அடுக்கிய ஒரு நீளமான டிரக். அடுத்த வாரக் கடைசியில் மெமோரியல் டே விடுமுறை. அன்றைக்குச் சீசன் ஆரம்பம். அதற்குள் குழாயில் தண்ணீர் வர வேண்டும், வாசலில் புல் பச்சையாக இருக்க வேண்டும்.

நான் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பவில்லை. சித்தி பெண் வீடு மாறுகிறாள். அவள் அந்தத் தீவில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். ஐந்து வருடமாகிறது. "பாஸ்டன் பக்கத்துல இருந்துக்கிட்டு ஒரு தடவைகூட வரலையே அண்ணே" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் போனில் சொல்வாள். இந்த முறை மாப்பிள்ளைக்கு முதுகுப் பிடிப்பு, பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்றதும் நாலு நாள் லீவு போட்டுவிட்டேன்.

கேப் காட் கரையிலிருந்து தெற்கே ஏறக்குறைய 48 கிலோமீட்டர். நடுவில் கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் கரை தெரியாது. அப்புறம் மூடுபனிக்குள்ளிருந்து ஒரு சின்ன வெள்ளைக் கலங்கரை விளக்கம் வந்தது, பிராண்ட் பாயின்ட். அதைச் சுற்றித் திரும்பினால் துறைமுகம், அதன் பின்னால் ஊர். பார்த்த வீடெல்லாம் ஒரே சாம்பல் நிறம். செடார் மரச் சில்லுகளை மீன் செதில் போல அடுக்கிச் சுவருக்குப் போர்த்தியிருக்கிறார்கள். கடல் காற்று பட்டுப் பட்டு அவை வெளுத்து இந்த நிறத்துக்கு வந்துவிடுமாம். அழகாகத்தான் இருக்கிறது. கப்பலில் என் பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் கண் கலங்கிவிட்டார்.

தங்கச்சி படகுத்துறையில் நின்றாள். பக்கத்தில் ஏழு வயது பாப்பா.

"மாமா, எங்க வீட்டுக்கு வந்துட்டு உடனே எங்க இன்னொரு வீட்டுக்கும் வரப் போறீங்க" என்றாள் பாப்பா. அவளுக்கு அது பெருமை.

காரில் போகும்போது தங்கச்சி சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். "வேலை கிடைச்சப்போ நான் அம்மாவுக்குப் போன் பண்ணலை அண்ணே. இங்க வேலை எப்பவும் இருக்கு. வீடு கிடைச்ச அன்னைக்குத்தான் பண்ணினேன்."

இரண்டாம் நாள், ஞாயிறு

காலையிலிருந்து பெட்டி கட்டுகிறோம்.

இந்தத் தீவில் வீடு வாடகைக்கு விடுவது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே உள்ள வீடுகளில் பாதிக்கு மேல் சீசனுக்கு மட்டும் திறக்கும் வீடுகள். சொந்தக்காரர்கள் நியூயார்க்கிலோ பாஸ்டனிலோ இன்னும் தூரத்திலோ இருப்பார்கள். கோடையில் வருவார்கள், அல்லது வாரக் கணக்கில் வாடகைக்கு விடுவார்கள். செப்டம்பர், அக்டோபரில் அவர்கள் கிளம்பியதும் வீடு காலி. அந்தக் காலி வீடுதான் நர்ஸ், தச்சர், சமையல்காரர், பள்ளிக்கூட உதவியாளர் குடும்பங்களுக்கு "வின்டர் ரென்டல்" ஆகிறது. மே கடைசியில் கழுவித் துடைத்துச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். கோடை நாலு மாதம் எங்கே இருப்பது என்பது அவரவர் பாடு. தெரிந்தவர் வீட்டு அடித்தளம், கேரேஜ் மாடி, முதலாளி தரும் அறை, படகு, கூடாரம். இந்த மாறாட்டத்துக்கு உள்ளூரில் "ஷஃபிள்" என்று பெயர். சீட்டுக் கட்டைக் கலைத்துப் போடுகிறோமே, அதே சொல்.

ஹவுஸ் ஓனர் மோசமானவர் இல்லை என்று தங்கச்சி திரும்பத் திரும்பச் சொன்னாள். ஹீட்டர் கெட்டபோது அன்றைக்கே ஆள் அனுப்பினாராம். ஆனால் கோடையில் ஒரே வாரத்தில் வரும் வாடகை, இவர்கள் குளிர்காலத்தில் இரண்டு மாதத்துக்குக் கொடுப்பதைவிட அதிகம். அவர் இடத்தில் யார் இருந்தாலும் என்ன செய்வார்கள்?

நாலு படுக்கையறை வீடு அது. எல்லாச் சாமானும் ஓனருடையது. தட்டு, கரண்டி, திமிங்கிலப் படங்கள், சோபா. மாடியில் ஒரு அலமாரிக்குப் பூட்டு. அதற்குள் ஓனர் குடும்பத்தின் சொந்தப் பொருட்கள் இருக்கின்றன. எட்டு மாதமாக அந்தப் பூட்டைத் தாண்டித்தான் பாப்பா தூங்கப் போகிறாள். ஆணி அடிக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அதனால் சித்தி அனுப்பிய தினசரிக் காலண்டர் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தில் தொங்குகிறது. அதைக் கழற்றும்போது தங்கச்சி கேட்டாள்: "நம்ம ஊர்ல ஆடியில யாராச்சும் வீடு மாறுவாங்களா? மார்கழியில பால் காய்ச்சுவாங்களா? எனக்கு நல்ல நாள் பார்க்கவே வாய்ப்பு இல்ல அண்ணே. மே முடிஞ்சா போயிரணும், அவ்வளவுதான்."

அட்டைப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பெட்டியின் பக்கவாட்டில் மார்க்கரில் "சமையல்" என்று தமிழில் எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு "போர்வை". அதையும் அடித்து "பாப்பா புக்ஸ்". டேப்பின் மேல் டேப், அதன் மேல் இன்னொரு டேப். மூலைகள் துணி மாதிரி மெத்தென்று ஆகிவிட்டன. இப்படிப் பதினோரு பெட்டி. இரண்டைப் பிரித்ததே இல்லையாம். மாப்பிள்ளை சொன்னார்: "அதுல என்ன இருக்குன்னு மறந்தே போச்சு மச்சான். பிரிச்சு வெச்சா திரும்பக் கட்டணுமேன்னு விட்டுட்டோம்." ஐந்து வருடத்தில் இது ஒன்பதாவது மாற்றம்.

மாறாத ஒரே விலாசம் தபால் நிலையத்தில் இருக்கும் பெட்டி எண். பாப்பாவின் பள்ளிப் படிவத்தில்கூட அதைத்தான் எழுதுகிறார்கள். சித்திக்குத் தெரிந்ததும் அந்த எண் மட்டும்தான்.

இடையில் ஒரு வருடம் நிரந்தர வீடு கிடைத்திருக்கிறது. பன்னிரண்டு மாத ஒப்பந்தம். தங்கச்சி ஜன்னலுக்குத் திரைச்சீலைகூடத் தைத்தாள். பத்தாவது மாதத்தில் வீடு விற்றுப்போயிற்று. வாங்கியவர்கள் சீசனுக்கு வருகிறவர்கள். அந்தத் திரைச்சீலை பிரிக்காத பெட்டிகளில் ஒன்றில் இருக்கலாம் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

"சொந்தமா வாங்க முடியாதா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கடந்த சில வருடங்களில் இங்கே விற்கும் வீடுகளை விலை வரிசையில் அடுக்கினால் நட்ட நடுவில் நிற்கும் வீட்டின் விலை 30 லட்சம் டாலருக்கு மேல். ஒரு நர்ஸும் கணக்கு எழுதுகிறவரும் சேர்ந்து சம்பாதித்து அதைத் தொட முடியாது. டாக்டர் குடும்பத்தாலேயே முடியாது என்கிறாள் தங்கச்சி.

மூன்றாம் நாள், திங்கள்

தங்கச்சிக்கு இன்று டியூட்டி. நான் ஊருக்குள் நடந்தேன்.

போகிற வழியில் போலீஸ் வண்டி சாலையை மறித்து நின்றது. எதிரே ஒரு வீடு வந்துகொண்டிருந்தது. முழு வீடு, சாம்பல் சில்லுச் சுவரோடும் வெள்ளை ஜன்னலோடும் இரும்பு உத்தரத்தின் மேல் ஏறி, நடக்கிற வேகத்தில் டிரக்கின் பின்னால் வந்தது. ஒரு ஆள் கூரைக்குப் பக்கத்தில் நின்று மின்கம்பியை நீளமான கழியால் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலில் ஒரு திரை அப்படியே தொங்கியது. வேடிக்கை பார்த்தது நான் ஒருவன்தான். உள்ளூர்க்காரர்கள் காருக்குள் உட்கார்ந்து காபி குடித்தார்கள்.

இங்கே இது பழைய வழக்கம். தீவில் பெரிய மரம் குறைவு, பலகை எல்லாம் கடல் தாண்டி வர வேண்டும். அதனால் வீட்டை இடிப்பதைவிட நகர்த்துவது லாபம். இன்றைக்கும் கோடிகளில் மனை வாங்குகிறவர்களுக்கு அதில் நிற்கும் சின்ன வீடு வேண்டியதில்லை. அதை வாங்கி வேறு இடத்தில் நிறுத்திப் பழுது பார்த்து, வருடம் முழுக்க இங்கேயே வாழ்கிறவர்களுக்கு வாடகைக்கு விடுவதை ஹவுசிங் நான்டக்கெட் என்ற தொண்டு நிறுவனம் செய்துவருகிறது. நான் பார்த்த வீடு அதுதானா என்று எனக்குத் தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனசு விரும்பியது. "வீட்டைக் கட்டிப் பார்" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். வீட்டை நகர்த்திப் பார்க்கும் ஊரில் நின்றபோது அந்த வார்த்தை வேறு மாதிரி கேட்டது.

மெயின் ஸ்ட்ரீட்டில் உருண்டைக் கல் பாவிய தெரு. 1830-களில் பாவியது. திமிங்கில எண்ணெய் விற்ற பணம் அப்போது ஊரில் புரண்டது. பக்கத்திலேயே ஒரு எண்ணெய் வியாபாரி தன் மூன்று மகன்களுக்கு ஒன்று போலக் கட்டிய மூன்று செங்கல் மாளிகைகள் நிற்கின்றன. 1840-இல் இந்தத் தீவின் மக்கள்தொகை 9,012. அப்புறம் சரிவு. துறைமுக வாயிலில் மணல் மேடு, பெரிய கப்பல்கள் நுழைய முடியவில்லை. 1846 ஜூலையில் தீப்பிடித்து ஊரில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். கலிபோர்னியாவில் தங்கம் என்றதும் இளைஞர்கள் கிளம்பிவிட்டார்கள். மண்ணெண்ணெய் வந்து திமிங்கில எண்ணெய்க்கு முடிவு கட்டியது. 1870-இல் 4,123 பேர்தான் மிச்சம். இடித்துக் கட்டக் காசில்லாததால் பழைய வீடுகள் அப்படியே தங்கிவிட்டன. சிலர் வீட்டைப் பலகை பலகையாகக் கழற்றி நிலப்பகுதிக்குக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்று உலகம் முழுக்க வந்து படம் எடுக்கும் இந்தத் தெருக்களைக் காப்பாற்றி வைத்தது நூறு வருட வறுமை.

மறுபடி ஏறியது சுற்றுலாவால். 1960-களில் வால்டர் பைனெக்கி என்ற பணக்காரர் படகுத்துறைகளையும் கடைத்தெருக் கட்டிடங்களையும் வாங்கிச் சீர்படுத்தினார். குறைந்த கூட்டம், அதிகம் செலவழிக்கும் கூட்டம் போதும் என்பது அவர் கணக்கு. கணக்கு பலித்தது. தீவு முழுவதையும் பாரம்பரியப் பகுதியாக ஆக்கினார்கள். ஜன்னல் அளவு முதல் கதவின் நிறம் வரை ஒரு குழு பார்த்து அனுமதி தர வேண்டும். அதனால்தான் இந்தச் சாம்பல் நிறம் இன்னும் இப்படி இருக்கிறது. கட்டும் செலவு கூடுவதற்கும் அதில் பங்கு உண்டு.

1970-இல் 3,774 பேர். 2010-இல் 10,172. 2020 கணக்கெடுப்பில் 14,255. பத்தே வருடத்தில் 40 சதவீதம் கூடியிருக்கிறது. மாசசூசெட்ஸில் வேறு எந்த கவுன்டியும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அந்தப் பத்து வருடத்தில் இந்த வேகத்தில் வளரவில்லை. உண்மையான எண்ணிக்கை இதற்கும் மேல் என்கிறார்கள் உள்ளூரில். ஒரே வீட்டு அடித்தளத்தில் மூன்று குடும்பம் இருந்தால் எத்தனை பேர் படிவத்தில் பெயர் எழுதுவார்கள்? கோடையில் தீவில் இருப்பவர்கள் 50,000-த்தைத் தாண்டிவிடுகிறார்கள். அவர்களுக்குச் சமைக்க, தோட்டம் பார்க்க, கூரை போட, பிள்ளை பார்க்க வந்தவர்கள்தான் இந்த 14,000-த்தில் ஒரு கணிசமான பகுதி. ஜமைக்கா, எல் சால்வடார், டொமினிகன் குடியரசு, பல்கேரியா. நம்மவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவு.

மதியம் சன்செட் ஹில் ஏறினேன். இந்தப் பயணத்தில் எனக்கு மறக்காமல் நிற்கப் போவது அந்த இடம்தான். அங்கே 1686-இல் கட்டிய ஜெத்ரோ காஃபின் வீடு இருக்கிறது. தீவில் முதலில் நின்ற இடத்திலேயே நிற்கும் மிகப் பழைய வீடு. சீசன் தொடங்காததால் பூட்டியிருந்தது. வேலிக்கு வெளியே புல்லில் உட்கார்ந்து அதன் கதையைப் படித்தேன்.

1659-இல் தாமஸ் மேஹ்யூ என்பவரிடமிருந்து இந்தத் தீவை ஆங்கிலேயக் குடியேறிகள் ஒரு கூட்டத்தார் 30 பவுண்டுக்கும் இரண்டு பீவர் ரோமத் தொப்பிக்கும் வாங்கினார்கள். பூர்வகுடிகளான வாம்பனோக் மக்கள் அதற்கு முன்னாலேயே ஆயிரக்கணக்கான வருடமாக இங்கே வாழ்ந்திருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்கக் கூடாது. வாங்கியவர்களுக்கு ஆளுக்கொரு பங்கு, ஒவ்வொருவரும் ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டார்கள், மொத்தம் 20 பங்கு. நிலம் இருந்தது, ஆடு மேய இடம் இருந்தது. நெய்யத் தெரிந்தவர் இல்லை. மாவு அரைக்க, செருப்புத் தைக்க, கொல்லு வேலை செய்ய ஆள் இல்லை. என்ன செய்தார்கள்? தொழில் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு ஆளுக்குப் பாதிப் பங்கு நிலம் கொடுத்தார்கள். இங்கேயே குடியிருந்து தொழில் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. அப்படி 14 பாதிப் பங்குகள். நெசவும் ஆலையும் மொழிபெயர்ப்பும் தெரிந்த பீட்டர் ஃபோல்ஜர் அப்படி வந்தவர். பெஞ்சமின் பிராங்க்ளினின் தாய்வழித் தாத்தா.

கொஞ்ச காலத்தில் பாதிப் பங்குக்காரர்கள் ஊர் விவகாரத்தில் சம உரிமை கேட்டார்கள். ஜான் கார்டனர் அவர்கள் பக்கம், முழுப் பங்குக்காரர்களுக்கு ட்ரிஸ்ட்ரம் காஃபின். வருடக்கணக்கில் சண்டை. ஃபோல்ஜர் சிறைக்கே போனார். கடைசியில் கார்டனரின் மகளுக்கும் காஃபினின் பேரனுக்கும் கல்யாணம். பெண் வீட்டார் மனை கொடுத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் மரம் கொடுத்தார்கள். அந்தச் சம்பந்திகள் சேர்ந்து எழுப்பிய வீடுதான் என் முன்னால் நின்றது.

வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நெசவாளி வேண்டும் என்றால் அவருக்கு நிலம் கொடுக்க வேண்டும் என்று 360 வருடத்துக்கு முன்னால் இந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது. ஆள் வந்தால் அடுப்பும் வர வேண்டும், பிள்ளைகளும் வருவார்கள், அவர்கள் ஊர்க்கூட்டத்தில் உட்கார இடம் கேட்பார்கள் என்பதும் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. என் தங்கச்சி அந்த நேரம் யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

நாலாம் நாள், செவ்வாய்

இன்று மாறினோம். மாப்பிள்ளையின் நண்பர், எல் சால்வடார்காரர், பிக்கப் டிரக் கொண்டுவந்தார். அவரும் அடுத்த வாரம் மாறுகிறார். அப்போது மாப்பிள்ளை போய் நிற்க வேண்டும், முதுகோ பிடிப்போ. இங்கே யாரும் கூலிக்கு ஆள் வைத்து மாறுவதில்லை. நம் ஊரில் கல்யாண மொய் எழுதி வைப்பது போல இது ஒரு கணக்கு.

புது இடம் ஒரு கேரேஜின் மாடியில் ஒற்றை அறை. சாய்வான கூரை, நடுவில் மட்டும் நிமிர்ந்து நிற்கலாம். கட்டில், மேசை, இரண்டு அடுப்புள்ள மின் தட்டு. பதினோரு பெட்டியில் நாலுதான் உள்ளே போயிற்று. மிச்சம் வாடகைக் கிடங்குக்கு. பாப்பா ஜன்னல் பக்கம் போய் நின்று, "இங்க இருந்து ஒரு மரம் தெரியுது" என்றாள். தங்கச்சி அடுப்பில் பால் வைத்தாள். ஒவ்வொரு தடவையும் வைப்பாளாம். பொங்கியதும் ஆளுக்கு ஒரு வாய் குடித்தோம், நண்பருக்கும் கொடுத்தோம். அவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு குடித்தார்.

சாயங்காலம் மாப்பிள்ளை கிழக்குப் பக்கம் கூட்டிப் போனார். புதர்க்காடும் சதுப்புமாகக் கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு கட்டிடம் இல்லை. ஸ்கான்செட் கிராமத்தில் கடல் மேட்டை அரித்துக்கொண்டே வருகிறது. 1850-இல் கட்டிய சாங்கட்டி கலங்கரை விளக்கத்தையே 2007-இல் அப்படியே தூக்கி 120 மீட்டர் உள்ளே நகர்த்தி வைத்திருக்கிறார்கள். மேட்டு விளிம்பில் இன்னும் சில வீடுகள் நிற்கின்றன.

தீவின் நிலத்தில் ஏறக்குறைய பாதி இப்படிக் கட்டக் கூடாத நிலம். அதற்குப் பின்னால் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. 1983-இல் இங்கே லேண்ட் பேங்க் என்று ஒன்றை உண்டாக்கினார்கள். தீவில் எந்தச் சொத்து கை மாறினாலும், சில விலக்குகள் போக, விலையில் 2 சதவீதம் அதற்குப் போய்விடும். அந்தப் பணத்தில் நிலம் வாங்கி எல்லோருக்கும் பொதுவாக விடுவார்கள். விலை ஏற ஏற வருமானமும் ஏறும். கடற்கரைக்கு நான் காசு கொடுக்காமல் நடந்துபோக முடிந்தது இதனால்தான். இந்த நிலத்தை எடுத்து வீடு கட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதன் கீழே இருக்கும் தண்ணீரைத்தான் தீவே குடிக்கிறது.

மாப்பிள்ளைக்கு வேறு வருத்தம். "இதே மாதிரி வீட்டுக்கும் ஒரு கட்டணம் வேணும்னு ஊர் பல தடவை ஓட்டுப் போட்டு அனுப்பிருக்கு மச்சான். அரை சதவீதம்தான் கேட்டாங்க. பாஸ்டன்ல போய் நின்னுருது." ஊர்க்கூட்டம் தீர்மானித்தாலும் பாஸ்டனில் உள்ள மாநில சட்டமன்றம் அனுமதிக்க வேண்டும். 2023-இல் ஆளுநர் மௌரா ஹீலி தன் வீட்டுவசதி மசோதாவில் இந்தக் கட்டணத்தைச் சேர்த்தார். 2024 ஆகஸ்டில் மசோதா சட்டமானபோது அந்தப் பகுதி அதில் இல்லை.

ஆனால் அந்தச் சட்டம் வேறொன்றைத் தந்தது. "சீசனல் கம்யூனிட்டி" என்று ஒரு தனி வகையை உண்டாக்கியது. நான்டக்கெட்டும் பக்கத்துத் தீவான மார்த்தாஸ் வினியார்டும் தன்னால் அதில் வரும். இந்த ஊர்கள் தம் ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் வீடு கட்டலாம். மிகச் சின்ன மனையிலும் வருடம் முழுக்க வாழும் குடும்பத்துக்கு வீடு அனுமதிக்கலாம். வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்து, இந்த வீட்டில் வருடம் முழுக்க யாராவது குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே ஏற்றலாம். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குடியிருந்து தொழில் செய் என்று பாதிப் பங்கு எழுதிக் கொடுத்தார்களே, அந்த நிபந்தனை பத்திரத்துக்குள் திரும்பி வந்திருக்கிறது.

நடக்குமா? பணம் வேண்டும். ஓட்டும் வேண்டும். இங்கே ஊர் விதியை முடிவு செய்வது டவுன் மீட்டிங். பதிவு செய்த வாக்காளர் யாரும் பள்ளி அரங்கத்துக்கு வந்து நேரே ஓட்டுப் போடலாம். கோடை வீட்டை வாரக் கணக்கில் வாடகைக்கு விடுவதைப் பற்றி வருடக்கணக்காக அங்கே வாதாடியிருக்கிறார்கள். கூட்டமோ நாள் முழுக்க நடக்கும். அன்றைக்கு டியூட்டியில் இருக்கிறவர், இரண்டு வேலை பார்க்கிறவர், கைக்குழந்தை வைத்திருக்கிறவர் எப்படிப் போவார்கள்? தங்கச்சிக்குக் குடியுரிமை இல்லை, அதனால் ஓட்டும் இல்லை. மாடியில் உட்கார்ந்து அரங்கத்தைப் பார்த்துவிட்டு வந்தாளாம் ஒரு தடவை. "எங்களைப் பத்தித்தான் பேசினாங்க. நல்லவிதமாத்தான் பேசினாங்க" என்றாள்.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். சீசன்காரர்களை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. அவர்கள் கட்டும் சொத்து வரிதான் பள்ளிக்கூடத்தை நடத்துகிறது. ஆனால் சொந்தக்காரருக்குக் கோடையில் மட்டும் தேவைப்படும் நாலு படுக்கையறை வீட்டுக்கும், கூரை தலையில் இடிக்கும் இந்த அறைக்கும் நடுவில் இருபது நிமிட நடைதான். இரண்டையும் ஒரே நாளில் துடைத்துப் பெருக்கிவிட்டு வந்தவனுக்கு இது சரியாகப் படவில்லை.

ஐந்தாம் நாள், புதன்

திரும்புவதற்குச் சாயங்காலப் படகு, இந்த முறை வேகமானது. வேலை முடிந்து கிளம்புகிறவர்களின் படகு அது. விடியற்காலை ஹயானிஸிலிருந்து தீவுக்கு வந்து, பகல் முழுக்க ஆணி அடித்து, கம்பி இழுத்து, சாயங்காலம் நிலத்துக்குத் திரும்புகிறவர்கள். தீவில் வீடு கிடைக்காததால் தினமும் கடல் தாண்டும் கூட்டம். ஏறி உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். காலடியில் சாப்பாட்டுக் கூலர், முட்டியில் சுண்ணாம்புத் தூள்.

தங்கச்சி படகுத்துறையில் நின்றபோது பையில் ஏதோ திணித்தாள். பிரிக்காத பெட்டிகளில் ஒன்றை நேற்று ராத்திரி பிரித்திருக்கிறாள். உள்ளே திரைச்சீலை. "உங்க வீட்டு ஜன்னல் அளவுக்குச் சரியா இருக்கும் அண்ணே. அண்ணிகிட்ட கொடுங்க" என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

பிராண்ட் பாயின்ட் தாண்டும்போது தண்ணீரில் ஒரு செப்புக் காசு போட்டால் தீவுக்குத் திரும்பி வருவோம் என்பது இங்கே நம்பிக்கை. மேல்தளத்துக்குப் போனேன். சுற்றுலா வந்த ஒரு குடும்பம் வரிசையாகப் போட்டது. நானும் ஒரு காசு போட்டேன். பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு தச்சர் நின்றார், ஐம்பது வயதிருக்கும். என்னிடம் இன்னொரு காசு இருந்தது, நீட்டினேன்.

"வேண்டாம், வெச்சுக்கங்க. நான் காலையில ஆறு மணிப் படகுல வந்துருவேன்" என்றார்.